வெயிலிலிருந்து எழுந்து போனவள்

ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, கல்யாணம் இல்லாத மண்டபம் சும்மா கிடந்தால் அதில் வௌவால் குடியேறிவிடும் என்று மண்டபத்து மேனேஜருக்கு ஒரு பயம், அதனால்தான் வெள்ளியம்பாளையத்தில் ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில், காலைப் பலகாரம் முடிந்து மத்தியானக் கறிக்குழம்பு கொதிப்பதற்குள், ஒரு சினிமா விழா நடக்க ஆரம்பித்தது. நாற்காலி, பந்தல், மைக் செட் வாடகைக்கு விடும் ஈஸ்வரமூர்த்தி அண்ணனிடம் புரொஜெக்டரும் இருந்ததால் அவரே விழாவுக்குத் தலைவரானார். மணமேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் இடத்துக்குப் பின்னால் வெள்ளைத் துணி கட்டினார், ஜன்னல்களுக்குப் பந்தல் துணி தொங்கவிட்டார். ஆடிக் காற்று அந்தத் துணியைத் தூக்கும்போதெல்லாம் ஓடுகிற படத்தின் மேல் கொஞ்சம் வெளிச்சம் விழுந்துவிட்டுப் போகும், நாங்கள் அதையும் படத்தோடு சேர்த்தே பார்த்துக்கொள்வோம்.

அந்த வருஷம் எந்தெந்தப் படம், எதற்குப் பின்னால் எது என்று முடிவு செய்கிற வேலை ரேணுப்பிரியாவிடம் வந்தது. அவள் தேங்காய்க் களத்தில் கொப்பரை காயவைக்கும் பழனாத்தாவின் மகள், அவர்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவள், கோயமுத்தூரில் படம் எடுப்பது பற்றிப் படித்துப் பட்டம் வாங்கி வந்தவள், வந்ததிலிருந்து எதைச் செய்தாலும் சரியாகச் செய்தோமா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறவள். விழாவுக்கு ஒரு பொருள் வேண்டும், எல்லாப் படமும் அதைப் பற்றியே இருக்க வேண்டும் என்று அவள் சொன்னபோது ஈஸ்வரமூர்த்தி அண்ணன், "பொருளுக்கு எங்கம்மிணி போறது?" என்று கேட்டார். அவள் ஜன்னல் துணியைத் தூக்கி வெளியே காட்டினாள். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அப்படித்தான் 'வெயில்' என்று முடிவானது. எங்கள் ஊருக்கு வெயிலை விட்டால் வேறு சொத்து இல்லை. வெயில் இருப்பதால்தான் எங்கெங்கோ காய்த்த தேங்காயெல்லாம் லாரி ஏறி இங்கே வந்து உடைபடுகிறது, உடைந்தது வெள்ளை வெள்ளையாகச் சிமெண்டுக் களத்தில் காய்கிறது, காய்ந்தது எண்ணெயாகி மறுபடி எங்கெங்கோ போகிறது. களத்தைச் சுற்றி ஒரு மரம் வைக்கமாட்டார்கள். மரம் வைத்தால் நிழல் விழும், நிழல் விழுந்த கொப்பரை பூசணம் பிடித்துவிடும். எங்கள் ஊர்க் குழந்தைகள் நிழல் என்றால் லாரிக்கு அடியில் இருப்பது என்றுதான் நினைத்து வளர்ந்தார்கள்.

பல ஊர்களிலிருந்து படங்கள் வந்தன. எல்லாம் சின்னப் படங்கள், கதை இல்லாத படங்கள், எடுத்தவர்களைத் தவிர வேறு யாரும் கேட்காத கேள்விகளைக் கேட்கும் படங்கள். ஒன்றில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு வெள்ளாடு சுவரொட்டியைக் கிழித்துக் கிழித்துத் தின்றது, அவ்வளவுதான். ஒன்றில் ஒரு மனிதர் குடை பிடித்துக்கொண்டு நாற்கர சாலையில் நடந்தார், நடந்துகொண்டே இருந்தார், எங்கேயும் போய்ச் சேரவில்லை. ஒன்றில் பழைய ஃபிலிம் சுருளை மொட்டைமாடியில் காயப்போட்டு, வெயில் அதைத் தின்று மிச்சம் வைத்த கறைகளை மட்டும் ஓட்டினார்கள். களத்தில் பழனாத்தாவோடு வேலை செய்யும் ராசாமணி எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துவிட்டு, "இதுல ஆரு ஆரைக் கட்டிக்கறாங்க?" என்று கேட்டாள்.

மீதி இரண்டு படங்கள்தான் இந்தக் கதைக்கு வேண்டியவை. ஒன்று ரேணுப்பிரியா எடுத்த 'களம்'. சித்திரை மாதத்து உச்சிப் பொழுதில், கண்ணைக் கூசவைக்கிற களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பழனாத்தா தள்ளுபலகையால் கொப்பரையைப் புரட்டிக்கொண்டே போகிறாள், திரும்பி வருகிறாள், போகிறாள். கேமரா அசையவில்லை, பழனாத்தா நிமிரவில்லை. எடுத்த அன்று நடுவில் அவள் பலகையை ஊன்றி நின்று, "உக்காந்துக்கட்டா கண்ணு?" என்று கேட்டாள், ரேணுப்பிரியா கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னும் கொஞ்ச நேரம்மா" என்றாள். அன்றைக்குப் பக்கத்துக் களத்தில் வேலையாக இருந்த ராசாமணி இதைக் கேட்டிருக்கிறாள். படத்தில் அந்தக் கேள்வி இல்லை, ரேணுப்பிரியா அதை வெட்டி எடுத்துவிட்டாள்.

இன்னொன்று மிருதுளா எடுத்த 'மதியம்'. மிருதுளா கோயமுத்தூர்க்காரி, கல்லூரியில் ரேணுப்பிரியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள், அப்பா பேராசிரியர், அம்மா பேராசிரியை, சாப்பிடும்போதே சினிமாவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்ளும் குடும்பம். அவள் படத்தில் ஒரு புங்கமரத்தடியில் ஒரு சிமெண்டுப் பெஞ்சு இருந்தது. பெஞ்சில் யாரும் இல்லை. இலைகளுக்கு இடையில் ஒழுகிய வெயில் பொட்டுப் பொட்டாகப் பெஞ்சின் மேல் விழுந்து, காற்றுக்கு இடம் மாறி, ஒன்றோடொன்று ஒட்டி, பிரிந்து, பிறகு மெதுவாகப் பெஞ்சை விட்டு இறங்கித் தரைக்குப் போனது. கேமராவை வைத்துவிட்டுத் தான் சாப்பிடப் போய்விட்டதாக மிருதுளாவே சிரித்துக்கொண்டு சொன்னாள். இத்தனை வருஷமும் வெயிலிலேயே கிடந்த தனக்கு வெயிலை அப்படிக் காட்டலாம் என்று தோன்றவில்லையே என்று நினைத்தபோது ரேணுப்பிரியாவின் நெஞ்சில், கொப்பரை தோண்டியெடுத்த ஒரு தேங்காய்த் தொட்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருந்தது. அது அங்கேயே இருந்தது. சாப்பிட்டால் அதன் மேல் சோறு விழுந்தது, தண்ணீர் குடித்தால் அதன் மேல் தண்ணீர் விழுந்தது.

இருந்தாலும் அவள் நேர்மையான பெண். படம் நன்றாக இருந்தது, பொருளுக்குப் பொருந்தியது, அதனால் சேர்த்தாள். ஆனால் எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பது அவள் கையில் இருந்தது. பந்தியில் சம்பந்திக்குப் பக்கத்தில் யாரை உட்காரவைப்பது என்பது எவ்வளவு பெரிய விஷயமோ அவ்வளவு பெரிய விஷயம் அது என்று எங்களுக்கு விளக்கியிருக்கிறாள். வைத்தாள்: முதலில் 'களம்', அதை ஒட்டி 'மதியம்'. அம்மா வெந்து தணிந்த அந்தக் களத்தைப் பார்த்த கண்ணுக்கு அடுத்து வருகிற மரத்தடி வேலையில்லாதவன் தூக்கம் மாதிரித் தெரியட்டும் என்று நினைத்தாள். கடைசி ஞாயிறு சென்னையின் பெரிய விழாவிலிருந்து வைதேகி மேடம் என்று ஒருவர் வந்து ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து எடுத்துப் போவார், எடுத்தவருக்கு அங்கேயே வேலையும் தருவார் என்று பேச்சு. ரேணுப்பிரியாவுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் பில் போடும் வேலை காத்திருந்தது. ஆடி முடியும்வரை பொறுக்கச் சொல்லியிருந்தாள்.

முதல் ஞாயிறு மண்டபம் நிறைந்தது. பழனாத்தா முன்வரிசையில் உட்கார்ந்து, தலையில் கட்டும் துண்டை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் போட்டாள். ராசாமணி அங்கே உட்காரப் போனபோது, "ஆளு வருது" என்றாள். ராசாமணி பின்னால் போய் உட்கார்ந்தாள். ரேணுப்பிரியா உட்காரவில்லை. கடைசியில் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்றாள். 'களம்' ஓடியது, ஓடி முடிந்தது, கைதட்டினோம். 'மதியம்' ஆரம்பித்தது. புங்கமரம் வந்தது, காற்று வந்தது, பெஞ்சு வந்தது, பெஞ்சில் பழனாத்தா உட்கார்ந்திருந்தாள்.

களத்தில் போட்டிருந்த அதே மேல்சட்டை, அதே சேலை, தள்ளுபலகை மரத்தில் சாத்தியிருந்தது. அவள் தலையிலிருந்த துண்டை அவிழ்த்தாள், முகம் துடைத்தாள், துண்டை உதறிப் பக்கத்தில் விரித்தாள், காலை நீட்டினாள், அப்பாடி என்றாள். வெயில் பொட்டுகள் அவள் மடியில் ஏறி இறங்கின. எங்களுக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. அவ்வளவு நேரம் வெயிலில் நின்ற பொம்பளை, பக்கத்தில் ஒரு மரம் இருந்தால், எழுந்து போகாமல் என்ன செய்வாள்? முன்வரிசையில் இருந்த பழனாத்தாவும் திரையைப் பார்த்து, "நல்ல காத்தாட்ட இருக்குது" என்றாள்.

ரேணுப்பிரியா மட்டும் மடிக்கணினியை மூடித் திறந்தாள், ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். மிருதுளா ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரேணு, உங்கம்மா என் படத்துக்கு வந்துட்டாங்கடி. சத்தியமா நான் கூப்பிடலை."

"தெரியுது."

"எவ்ளோ நல்லா உக்காந்திருக்காங்க பாரேன். அந்தப் பெஞ்சுக்கு ஏதோ குறையுதுன்னு எனக்குத் தோணிட்டே இருந்துச்சு. டைட்டில்ல அவங்க பேரைப் போட்டுடட்டுமா?"

"உன் படம், நீ என்னமோ பண்ணு" என்றாள் ரேணுப்பிரியா. தொட்டி நெஞ்சில் ஒரு சுற்றுச் சுற்றி அமர்ந்தது.

அடுத்த ஞாயிறு 'களம்' ஓடியபோது களத்தில் ஆளே இல்லை. கொப்பரை கிடந்தது, வெயில் கிடந்தது, போன வாரம் பலகை இழுத்த கோடு கிடந்தது. முழுப் படத்தையும் மரியாதையாக உட்கார்ந்து பார்த்தோம். களத்துக்காரர் மட்டும் எழுந்து, "ஏனுங்க, புரட்டாம உட்டா சரக்கு கறுத்துப் போகுமுங்களே, கேக்கறதுக்கு ஆளில்லீங்களா?" என்றார். படத்துச் சரக்குதானே என்று ஈஸ்வரமூர்த்தி அண்ணன் சமாதானம் சொன்னார். "படத்துல இருந்தாலும் அது என்ற சரக்குங்க" என்றார் களத்துக்காரர். ராசாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை லீவுங்க. படமா இருந்தா லீவு கெடையாதா?"

'மதியம்' வந்தபோது பழனாத்தா பெஞ்சில் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குத் திண்டுக்கல் ஆடும் வந்துவிட்டது. தன் படத்தில் பாதிச் சுவரொட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்து, பெஞ்சில் ஏறப் பார்த்தது, பழனாத்தா "ச்சூ" என்று கையை ஓங்கி இறக்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் குடைக்காரரும் வந்து சேர்ந்தார். அவர் எங்கேயாவது போய்ச் சேர்ந்ததில் எங்களுக்குப் பெரிய நிம்மதி. பெஞ்சில் இடமிருப்பதைப் பார்த்து அவர் குனிந்தார், பழனாத்தா கையைக் காட்டி ஏதோ சொன்னாள், அவர் தலையாட்டிவிட்டுக் குடையை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். ஃபிலிம் சுருளின் கறைகள்கூட ஒவ்வொன்றாக வந்து இலைகளுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டன.

அதற்குப் பிறகு அந்தப் பெஞ்சைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. இந்த வாரம் பழனாத்தா என்ன செய்வாள் என்று கேட்டுக்கொண்டார்கள். மூட்டு வலிக்காரர்கள் அவள் காலை நீட்டியதைப் பார்த்துத் தங்கள் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். பூக்காரம்மா திரைக்கு முன்னால் ஒரு முழம் கதம்பம் வைத்துவிட்டுப் போனாள். களத்துப் பெண்கள் நிஜப் பழனாத்தாவிடம், "உனக்கென்னக்கா, நீ அங்க நெழல்ல உக்காந்திருக்கறே" என்று கேலி பேசினார்கள், அவளும் கொப்பரையைப் புரட்டிக்கொண்டே, "அவ உக்காந்திருக்கறா, காலு எனக்குத்தான கொடையுது" என்றாள். யாரும் 'களம்' பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் ரேணுப்பிரியாவின் காதில் சத்தமாக விழுந்தது.

'மதியம்' ஓடும்போது அவள் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள். யார் முன்னால் சாய்கிறார்கள், யார் சிரிக்கிறார்கள், யார் பக்கத்தில் இருப்பவரின் தொடையைத் தட்டிக் காட்டுகிறார்கள் என்று பார்த்தாள். அடுத்தவள் இலையில் விழுகிற பலகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்குத் தன் இலையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. வீட்டிலும் அம்மாவிடம் பேச்சுக் குறைந்தது. பழனாத்தா சோறு போட்டுக்கொண்டே, "எதுக்கு கண்ணு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறே?" என்று கேட்டாள்.

"நீ எதுக்கு அங்க போனே?"

"நான் எங்க போனேன்? பொழுதன்னிக்கும் இங்கதான இருக்கறேன்."

"படத்துல, ம்மா."

"அவ போனதுக்கு என்னயக் கேட்டா? ஒருவேள அங்க காத்து வருதோ என்னமோ."

"இங்க வராதா?"

பழனாத்தா ரசம் ஊற்றினாள்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒரு கட்டில் போட்டு மறுபடி படம் எடு என்றார்கள். தண்ணிப் பானை வை என்றார்கள். மண்டபத்து மேனேஜர் ஒரு டிவி வைக்கச் சொன்னார். கடைசியில் ஈஸ்வரமூர்த்தி அண்ணன் தன் கடையிலேயே பெரிய பந்தலைக் கொண்டுவந்து களத்தின் நடுவில் போட்டார், அதன் கீழே கல்யாணத்துக்குக் கொடுக்கும் சோபா நாற்காலியையும் போட்டார். களத்துக்காரர் ஓடிவந்தார். "கொப்பரை மேல நெழல் உழுகுதுங்க. எங்கப்பன் காலத்துலருந்து இந்தக் களத்துல ஒரு காக்கா நெழலக்கூட நிக்க உட்டதில்லீங்க." படம் எடுக்கிற நேரம் மட்டும்தான் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தோம். ரேணுப்பிரியா பந்தலையும் நாற்காலியையும் படம் பிடித்து, 'களம்' இருந்த இடத்தில் அதை வைத்தாள்.

மூன்றாம் ஞாயிறு, பந்தல் திரையில் வந்ததும் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஓரத்திலிருந்து பழனாத்தா பலகையோடு வந்தாள். மண்டபமே எழுந்து கைதட்டியது. பின்னால் நின்ற ரேணுப்பிரியாவின் முகத்தில் ரத்தம் ஏறியது. பழனாத்தா பந்தலைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். பிறகு குனிந்து, பந்தலின் நிழலுக்குள் கிடந்த கொப்பரையை ஒன்று விடாமல் பலகையால் வெயிலுக்குத் தள்ளினாள். தள்ளி முடித்துவிட்டு, நெற்றியைப் புறங்கையால் வழித்துவிட்டு, வந்த வழியே போனாள். அடுத்த படத்தில் பெஞ்சில் இருந்தாள். களத்துக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேலைக்காரின்னா அவதானுங்க" என்றார்.

ரேணுப்பிரியாவுக்கு அது எதுவும் கேட்கவில்லை. நான் போட்ட நாற்காலியில் உட்காரக்கூட அம்மாவுக்கு மனசில்லை, மிருதுளாவின் பெஞ்சு மட்டும் இனிக்கிறது என்று நினைத்தாள். அந்த வாரம் முழுக்க அதையே நினைத்தாள். அதை நினைத்துக்கொண்டே பல் விளக்கினாள், துணி காயப்போட்டாள். ஞாயிறு வந்தபோது என்ன செய்வது என்று முடிவாகியிருந்தது.

கடைசி ஞாயிறு வைதேகி மேடம் வந்தார். கைத்தறிச் சேலை, மெல்லிய குரல், எதைப் பார்த்தாலும் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்கிற வழக்கம். அவரை நடுவில் உட்காரவைத்தோம். மிருதுளாவும் வந்திருந்தாள். பழனாத்தா முன்வரிசையில், பக்கத்து நாற்காலியில் துண்டு. ரேணுப்பிரியா மைக்கைப் பிடித்து, "ஒரு சின்ன வருத்தம். 'மதியம்' படத்தோட ஃபைல் கெட்டுப்போச்சு. இன்னிக்கு ஓட்ட முடியாது" என்றாள். அவள் பொய் சொல்லி நாங்கள் கேட்டதில்லை, அதனால் பொய் என்று எல்லோருக்கும் உடனே தெரிந்துவிட்டது.

படங்கள் ஓடின. பஸ் ஸ்டாண்டில் ஆடு இல்லை. சாலையில் குடைக்காரர் இல்லை. சுருளில் கறை இல்லை. ரேணுப்பிரியா பந்தலை எடுத்துவிட்டுப் பழைய 'களம்' படத்தையே போட்டிருந்தாள், போவதற்கு வேறு இடம் இல்லை என்றால் அம்மா இங்கேதானே வரவேண்டும் என்று. களத்திலும் யாரும் இல்லை. கொப்பரை ஓரங்களில் கறுத்திருந்தது. வைதேகி மேடம் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்தது, 'மதியம்' ஓட வேண்டிய நேரத்துக்குப் புரொஜெக்டரின் வெறும் வெளிச்சம் மட்டும் வெள்ளைத் துணியில் அடித்தது.

அந்த வெள்ளையில் பழனாத்தா நின்றாள்.

மரம் இல்லை, தரை இல்லை, களம்கூட இல்லை. எங்கள் ஊர் வெயில் எல்லாவற்றையும் ஒரே துணியில் கொட்டியதுபோல் ஒரு வெளிச்சம், அதன் நடுவில் பழனாத்தா, அவள் காலை ஒட்டி ஆடு, பின்னால் குடைக்காரர். அவர் குடையை விரித்தார், அந்த வெளிச்சத்துக்குக் குடையின் அடியிலும் நிழல் விழவில்லை. பழனாத்தா நெற்றிக்கு மேல் கை வைத்து, எங்களைத் தாண்டி, மண்டபத்தின் கடைசியில் எங்கிருந்து வெளிச்சம் வருகிறதோ அந்த இடத்தைப் பார்த்தாள்.

"உக்காந்துக்கட்டா கண்ணு?" என்று கேட்டாள்.

வெட்டி எடுத்த கேள்வி அது. மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பிப் பார்ப்பது நாகரிகமில்லை என்று எல்லோருக்கும் தோன்றியது.

ரேணுப்பிரியா புரொஜெக்டரை அணைக்கத்தான் கையை நீட்டினாள் என்று ஈஸ்வரமூர்த்தி அண்ணன் பிறகு சொன்னார். கை பொத்தானைத் தவறவிட்டு லென்சுக்கு முன்னால் போய் நின்றுவிட்டது. திரையில் ஐந்து விரலோடு ஒரு பெரிய நிழல் விழுந்தது. பழனாத்தா அண்ணாந்து பார்த்தாள். நடந்து வந்து, அந்த உள்ளங்கை நிழலுக்குள் குந்தி உட்கார்ந்தாள். ஆடும் வந்தது. குடைக்காரர் சுண்டுவிரலின் நிழலில் இடம் பார்த்துக்கொண்டார்.

இனி கையை எடுக்க முடியாது என்று ரேணுப்பிரியாவுக்குத் தெரிந்தது. எடுத்தால் அம்மா வெயிலில் இருப்பாள். நின்றாள். தோள் கடுத்தது, முழங்கை கடுத்தது, லென்சின் சூடு உள்ளங்கையில் ஏறியது. இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு நின்றாள். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். விழாவிலேயே அதுதான் நீளமான படம்.

மிருதுளா எழுந்து பின்னால் வந்தாள். பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதற்காகவும் ரேணுப்பிரியா அவளைக் கொஞ்சம் வெறுத்தாள். மிருதுளா பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் காட்டினாள்.

"என்கிட்ட இருக்கு ரேணு. போடட்டுமா? நீ சொன்னாத்தான் போடுவேன்."

"போடு" என்றாள் ரேணுப்பிரியா. "சீக்கிரம் போடுடி, கை கடுக்குது."

புங்கமரம் வந்த பிறகுதான் கையை இறக்கினாள். பழனாத்தா எழுந்து, முட்டியைத் தட்டிக்கொண்டு, பெஞ்சுக்குப் போனாள். உட்கார்ந்தாள். துண்டை அவிழ்த்து முகம் துடைத்தாள், உதறினாள், பக்கத்தில் விரித்தாள். ஆடு வந்தது, "ச்சூ" என்றாள். குடைக்காரர் கேட்காமலேயே தரையில் உட்கார்ந்தார். வெயில் பொட்டுகள் துண்டின் மேல் ஏறி, அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன.

படம் முடியும்வரை பொறுக்காமல் வைதேகி மேடம் மெதுவாகக் கேட்டார். "இந்தப் படத்தைத்தான் எடுத்துட்டுப் போகப்போறேன். ஆனா ஒண்ணு புரியலை. அந்தத் துண்டு எதுக்கு? வெறுமையோட குறியீடா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போடாத ஆள் எங்கள் ஊரில் உண்டா? துண்டு கிடந்தால் அங்கே ஆள் வருகிறது என்று பொருள். வருகிற ஆள் வரும்வரை ராஜா வந்தாலும் அங்கே உட்கார முடியாது. முதல் ஞாயிறிலிருந்து நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். இதைப் போய் யாராவது சொல்ல வேண்டுமா, ரேணுப்பிரியாவுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டோம்.

முன்வரிசையிலிருந்து பழனாத்தா திரும்பினாள். "குறியெல்லாம் இல்லீங்க. எடம் புடிச்சு வெச்சிருக்கறா" என்றாள். "என்ற புள்ளைக்குங்க. அவதான் பொழுதன்னிக்கும் அந்த மிசினுப் பக்கத்துலயே நிக்கறா, உக்காரவே மாட்டீங்கறா."

ரேணுப்பிரியா அப்போதுதான் எங்கள் முகங்களை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். பிறகு முன்வரிசையைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு நாற்காலி, அங்கேயும் ஒரு துண்டு. மண்டபத்தில் ஆட்கள் சுவரோரம் நின்று பார்த்த வாரங்களிலும் அந்த நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

அவள் நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து வந்தாள். நாங்கள் காலை மடக்கி வழி விட்டோம்.

"நவுந்துக்கட்டுமா?" என்று கேட்டாள் பழனாத்தா.

"வேண்டாம்மா, இதே போதும்."

துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதில் எண்ணெய் வாசம் அடித்தது. பழனாத்தா அவளுடைய வலது கையை இழுத்து, சூடேறிச் சிவந்திருந்த உள்ளங்கையை ஊதிவிட்டாள். திரையில் வெயில் பொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டின, பிரிந்தன. நன்றாகத்தான் இருந்தன. அவ்வளவு நன்றாக இருந்ததற்காக ரேணுப்பிரியாவுக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருந்தது, திங்கட்கிழமை திருப்பூர் பஸ்ஸில் போகும்போதும் இருக்கும், அந்தப் படம் எந்தெந்த ஊருக்குப் போகிறதோ அந்தந்த ஊரை நினைக்கும்போதும் இருக்கும். ஆனால் நின்றுகொண்டு படுகிற பொறாமைக்கு, உட்கார்ந்து படுகிற பொறாமை கொஞ்சம் தேவலை.

"இப்ப என்ன ஆகும் கண்ணு?" என்று திரையைக் காட்டிக் கேட்டாள் பழனாத்தா.

"தெரியலைம்மா. நான் இதை முழுசாப் பாத்ததே இல்லை."

பெஞ்சில் இருந்த பழனாத்தா அந்த நேரத்தில் பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்தாள், உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். அதற்காகவே இத்தனை வாரமும் காத்திருந்த ஆடு ஒரே தாவில் பெஞ்சில் ஏறி, அவளை ஒட்டிப் படுத்து, அசைபோட ஆரம்பித்தது.